ஏற்றத்தில் சூடேறும் கெப் வண்டி: பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடலாமா?

கந்தப்பளை மரக்கறி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 3எல் ரக டீசல் எஞ்சின் உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஒன்று இருக்கிறது. கந்தப்பளையிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது இங்குள்ள விவசாயிகளுக்குக் கோழி எருவோ உர மூடைகளோ கொண்டுவருவதும்தான் அதன் வேலை. மரக்கறியோடு இறங்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை. எரு ஏற்றிக்கொண்டு கம்பளையைத் தாண்டிய பிறகு, குறிப்பாகப் புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் இடையில் ஏதாவது ஒரு லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து போக நேர்ந்தால், ஹீட் மீற்றர் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போகத் தொடங்குகிறது. முந்துவதற்கு வழி கிடைத்து வேகம் பிடித்ததும் தானாகவே இறங்கிவிடுகிறது. தம்புள்ளை வீதியில் எவ்வளவு வேகமாகப் போனாலும் முள் அசைவதில்லை; நுவரெலியா நகர நெரிசலில் நின்றாலும் ஏறுவதில்லை.

ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்தாகிவிட்டது. சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் புதியது. தண்ணீரும் குறைவதில்லை. கராஜ் ஒன்றில் காட்டியபோது, எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும் விசிறியை முழுவதும் கழற்றிவிட்டு, கார் ஒன்றிலிருந்து எடுத்த ரீகண்டிஷன் மின்விசிறியைப் பூட்டினால் சூடும் ஏறாது, ஏற்றத்தில் இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும் என்று சொன்னார்கள். செலவு அதிகமில்லை. ஆனால் எஞ்சினோடு வந்த ஒன்றைக் கழற்றி எறிவதற்கு மனம் ஒப்பவில்லை. மலைநாட்டில் பாரம் ஏற்றும் வண்டியில் இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மின்சாரம் தரும் அல்டர்நேட்டர் தாங்குமா?


ஹட்டன் கராஜ்:

ஐயா, எங்கே முள் ஏறுகிறது, எங்கே ஏறவில்லை என்பதைப் பிரித்துச் சொன்னது பெரிய உதவி. நேர் வீதியில் வேகமாகப் போகும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில், அதாவது அடைபட்ட ரேடியேட்டரிலோ வொட்டர் பம்பிலோ குறையைத் தேட வேண்டும். மெதுவாக ஏறும்போது மட்டும் சூடேறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. நெரிசலில் நிற்கும்போது ஏறாததற்குக் காரணம், சும்மா இயங்கும் எஞ்சின் வெளிவிடும் வெப்பம் மிகவும் குறைவு என்பதே. ஆகவே விசிறியைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் அது பெல்ட்டில் ஓடுகிறது என்பதற்காகச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுடைய எஞ்சின் ஏற்றத்தில் முழு மூச்சோடு இழுக்கும்போது ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 40 கிலோவொட் அளவில் இருக்கும். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 40 பாகை சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு வெப்பத்தையும் எடுத்துச் செல்ல வினாடிக்கு ஒரு கன மீற்றர் அளவு காற்று தேவைப்படும். மணிக்கு 20 அல்லது 25 கிலோமீற்றர் வேகத்தில், அதுவும் முன்னால் ஒரு லொறி மறைத்துக்கொண்டு போகும்போது, கிரில் வழியாகத் தானாக நுழையும் காற்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மிச்சம் முழுவதையும் விசிறிதான் இழுக்க வேண்டும். இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது பெல்ட் விசிறியும் அதற்கேற்ப வேகமாகச் சுற்றுகிறது. அதாவது வெப்பம் கூடுகிற அதே நேரத்தில் காற்றும் கூடுகிறது. மின்விசிறிக்கு எஞ்சின் எந்தச் சுற்றில் ஓடுகிறது என்பது தெரியாது, அதன் வேகம் எப்போதும் ஒன்றுதான். சிறிய பெற்றோல் காருக்காகச் செய்யப்பட்ட விசிறி, பெட்டியில் எழுதியிருக்கும் அளவு காற்றைத் திறந்த வெளியில்தான் தள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசி காஸைக் குளிர்விக்கும் கண்டென்சரையும், ரேடியேட்டரையும் தாண்டி இழுக்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும்.

டீசல் மிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் விசிறி எஞ்சினோடு நேரடியாகப் பிணைக்கப்படவில்லை. நடுவில் ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. அதன் உள்ளே சிலிக்கன் எண்ணெய், முன்பக்கத்தில் சுருள் வடிவில் ஓர் இரட்டை உலோகத் தகடு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வழியைத் திறக்கிறது, எண்ணெய் தகடுகளுக்கு இடையில் புகுந்து விசிறியைப் பிடித்துச் சுற்ற வைக்கிறது. காற்று குளிர்ந்தால் பிடி தளர்ந்து விசிறி நழுவுகிறது. ஆகவே சூடில்லாத நேரத்தில் அது எஞ்சினிலிருந்து எடுக்கும் சக்தி சொற்பம். மறுபக்கம், 25 ஆம்பியர் இழுக்கும் மின்விசிறிக்கு ஏறத்தாழ 340 வொட் வேண்டும். அல்டர்நேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் அதே பெல்ட்டிலிருந்து 600 வொட் அளவு போகிறது. மின்சாரம் பற்றரியிலிருந்து இலவசமாக வருவதாக நினைத்துக்கொண்டுதான் பலர் இதில் இறங்குகிறார்கள். நீண்ட சமதரை ஓட்டத்தில் ஏதோ கொஞ்சம் மிஞ்சலாம், ஆனால் பாரத்தோடு ஏறும் வண்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே முதலில் கப்ளிங்கைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போது விசிறியைக் கையால் சுற்றுங்கள். தேனில் கரண்டியைத் திருப்புவது போன்ற ஓர் இழுப்பு இருக்க வேண்டும். தள்ளிவிட்டதும் தானாகச் சில சுற்றுச் சுற்றினால் உள்ளே எண்ணெய் இல்லை. விசிறியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்திருக்கும். கப்ளிங்கின் முகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி எண்ணெய்க் கோடுகள், அவற்றில் ஒட்டிய தூசி தென்படுகிறதா என்றும் பாருங்கள். பிறகு நன்றாகச் சூடேற்றி எஞ்சினை நிறுத்திவிட்டு மீண்டும் சுற்றினால், குளிரில் இருந்ததைவிட இழுப்பு தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். ஓடும் விசிறியில் சுருட்டிய பத்திரிகையைச் செருகிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.


பண்டாரவளை டபுள் கெப்:

மேலே எழுதியவரின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனாலும் என்னுடைய டபுள் கெப்பில் மின்விசிறிதான் பூட்டியிருக்கிறேன், வெல்லவாயவிலிருந்து பெரகலை வரையிலான ஏற்றத்தில் அது என்னைக் கைவிட்டதில்லை. வேறுபாடு என்னவென்றால், நான் ஏற்றுவது நாலு ஆட்களும் வேலைச் சாமான்களும் மட்டுமே. ஒரு தொன் எரு ஏற்றினால் இதே பேச்சைப் பேச முடியுமா என்று எனக்கே சந்தேகம்தான். இருந்தாலும் செய்வதென்றால் எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் நம் பக்கத்தில் பெரும்பாலான வண்டிகளில் பார்ப்பது அரைகுறை வேலை.

ஒற்றை விசிறியை ரேடியேட்டரின் நடுவில் ஒட்டிவைத்தால் அதற்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்று போகும், நாலு மூலையும் சும்மா கிடக்கும். ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் கவரோடு சேர்ந்த இரட்டை விசிறியை, அந்தக் கவரோடேயே வாங்க வேண்டும். ஸ்விட்ச் வழியாக நேரடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 40 ஆம்பியர் ரிலே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியே வேண்டும், பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், வயர் 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால், மெல்லிய வயர் போட்டவர்களின் ரிலே அடி கருகியிருப்பதைப் பார்க்கலாம். ஏர்த் வயரைப் பெயின்ட் பூசிய தகட்டில் முறுக்காமல், சுரண்டிய உலோகத்தில் அல்லது நேரே பற்றரியில் கொடுங்கள்.

வெப்ப ஸ்விட்ச் எந்தப் பாகையில் வேலை செய்கிறது என்பது முக்கியம். தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறக்கத் தொடங்குகிறதென்றால், மேல் குழாயில் வைக்கும் ஸ்விட்ச் 92 முதல் 95 வரையில் விசிறியை ஓடவிட்டு, 87 அளவில் நிறுத்த வேண்டும். 80 பாகை ஸ்விட்ச் போட்டால் விசிறி ஓயவே ஓயாது, மோட்டாரின் கரித்துண்டு விரைவில் தேய்ந்துபோகும்.

அல்டர்நேட்டர் பற்றிக் கேட்டீர்கள். மழையும் மூடுபனியுமாக இருக்கும் இரவொன்றில் நானுஓயா பக்கம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்கு 9 அல்லது 10, பின் விளக்குகளுக்கும் மீற்றர் விளக்குகளுக்கும் 3 அல்லது 4, வைப்பருக்கு 5, கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டும் புளோவருக்கு 10, இரட்டை விசிறிக்கு 25 என்று ஆம்பியர்களைக் கூட்டினால் ஐம்பதைத் தாண்டுகிறது. பழைய வண்டிகளின் அல்டர்நேட்டர்கள் பெரும்பாலும் 50 முதல் 70 ஆம்பியர் வரையிலானவை, அதுவும் எஞ்சின் நல்ல சுற்றில் ஓடும்போது தருவது. ஐட்லிங்கில் பாதி வந்தாலே பெரிது. நான் பெரிய அல்டர்நேட்டர் மாற்றிய பிறகுதான் விசிறியைப் பூட்டினேன்.

இன்னொன்று, பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரிந்து உங்களுக்குச் சொல்லிவிடும். மின்விசிறியின் பியூஸ் போனால் யாரும் சொல்லமாட்டார்கள். ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு சிறு விளக்கைக் கிளையெடுத்து டாஷ்போர்டில் வைத்தால் ரிலே மூடியதா என்பதை மட்டும் அறியலாம், மோட்டார் உண்மையாகவே சுற்றுகிறதா என்பதை அறிய முடியாது. அதனால் தனியாக ஒரு வெப்ப எச்சரிக்கை மணி வைத்திருக்கிறேன்.


தலவாக்கலை பௌதிகம்:

நான் மெக்கானிக் அல்லன், பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். உயரமான இடத்தில் காற்று மெல்லியது என்பதால் விசிறி பெரிதாக வேண்டும் என்று நம் ஊரில் அடிக்கடி சொல்லப்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அங்கே காற்று பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்தும் இருக்கிறது. 95 பாகைத் தண்ணீருக்கும் 16 பாகைக் காற்றுக்கும் உள்ள இடைவெளி, 28 பாகைக் காற்றுக்கு உள்ள இடைவெளியைவிடப் பெரியது என்பதால், மெல்லிய காற்றால் வரும் இழப்பைக் குளிர் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. கேள்வி கேட்டவருக்கு லபுக்கலைக்கு மேலே அல்லாமல், அதற்கு வெகு கீழே, வெயில் காயும் புசல்லாவைப் பகுதியிலேயே முள் ஏறுவது இதனோடு பொருந்துகிறது.

உயரத்தால் உண்மையில் பாதிக்கப்படுவது கொதிநிலை. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அவ்வளவு அழுத்தத்தை அது உள்ளே பிடித்துவைக்கிறது என்று பொருள். அப்போது கொதிநிலை 115 பாகை அளவுக்கு உயர்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 பாகைப் பாதுகாப்பும் போய்விடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அளவு தெரியாத மூடியைப் போடுவோரைக் கண்டு நான் வியந்திருக்கிறேன்.


கந்தப்பளை மரக்கறி:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினில் விசிறியைத் தட்டிவிட்டால் சைக்கிள் சக்கரம்போல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சூடான பிறகும் அதே நிலைதான். கப்ளிங்கின் முகத்தில் கறுப்பாக எண்ணெய்க் கோடுகள் இருக்கின்றன. ஆட்டம் எதுவும் தெரியவில்லை.

கிரில்லைக் கழற்றியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரற்கடை இடைவெளியில், கீழ்ப் பாதி முழுவதும் நெல் உமி இறுகிப்போய் நிற்கிறது. கோழிப் பண்ணையில் எரு ஏற்றும்போது வண்டியை ஓடவிட்டபடியே நிறுத்திவைப்போம், கொட்டில் தரையில் பரப்பும் உமி அங்கே காற்றெல்லாம் பறக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தவர்கள் உட்குழாய்களைத்தான் கவனித்திருக்கிறார்கள், வெளிமுகத்தில் ஒட்டியதை யாரும் எடுக்கவில்லை. விசிறிக் கவரின் கீழ்த் துண்டும் இல்லை. நான் வாங்கும்போதே அது இருக்கவில்லை. இப்போது நான் கப்ளிங்கை மாற்றவா, அல்லது எண்ணெய் ஊற்றினால் போதுமா?


ஹட்டன் கராஜ்:

அப்படியென்றால் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, மின்விசிறி பூட்டியிருந்தாலும் அவற்றில் இரண்டு அப்படியே இருந்திருக்கும். உமியை முதலில் எடுங்கள். பின்பக்கத்திலிருந்து, அதாவது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழாயை அருகில் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடிந்து, உமி அடைத்ததைவிட மோசமாக அடைபடும். கண்டென்சரின் ஆணிகளைத் தளர்த்தி, காஸ் குழாய்களைக் கழற்றாமலேயே அதைச் சற்று முன்னால் சாய்த்தால் இடைவெளிக்குள் கை போகும்.

விசிறிக் கவரின் கீழ்த் துண்டைக் கட்டாயம் தேடிப் பூட்டுங்கள். பெல்ட் மாற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றுபவர்கள் திரும்பப் பூட்டுவதில்லை. அது இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றையே கீழிருந்து எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றும். விசிறி இதழ்களின் அகலத்தில் ஏறத்தாழ பாதி கவருக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறது.

கப்ளிங்கைப் பற்றி: ஆட்டம் இல்லை, எண்ணெய் மட்டும்தான் கசிந்திருக்கிறது என்றால் திரும்ப நிரப்பிப் பார்க்கலாம். இதற்கென்றே சிலிக்கன் எண்ணெயை டொயோட்டா சிறு குழாய்களில் விற்கிறது. பிசுபிசுப்பு 3,000, 10,000 என்று தரம் பிரித்திருப்பார்கள், எண் கூடக் கூடப் பிடி இறுகும். எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ ஊற்றினால் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் கசிந்த சீல் மீண்டும் கசியும் என்பதால், பாரம் ஏற்றும் உங்கள் வண்டிக்குக் கப்ளிங்கையே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று வாங்குவதானால் நீங்கள் செய்த அதே சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், எண்ணெய்க் கோடு உள்ளதைத் தொடவே வேண்டாம். புதிய கப்ளிங் போட்ட பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் விசிறி இரைந்து பிறகு அடங்கும். இரவில் உள்ளே தங்கிய எண்ணெய் கலையும் வரை அப்படித்தான் இருக்கும், அதைக் கோளாறு என்று எண்ணிக் கழற்ற வேண்டாம். கப்ளிங்கைப் பிடிக்கும் நட்டுகளே வொட்டர் பம்ப் புல்லியையும் பிடித்திருப்பதால், கழற்றும் முன் பெல்ட்டைத் தளர்த்தாமல், இறுக்கமாக இருக்கும்போதே நட்டுகளை இளக்கிக்கொள்வது எளிது.

இவ்வளவும் செய்து முடிக்கும் வரை, ஏற்றத்தில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுங்கள். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி, எஞ்சினை உடனே அணைக்காமல் சற்றுக் கூடிய சுற்றில் ஓடவிடுங்கள். மூடியைத் திறக்கவே கூடாது. டீசல் எஞ்சினில் ஹெட் வெடித்தால் ஆகும் செலவுக்குப் பல கப்ளிங்குகள் வாங்கிவிடலாம்.


கந்தப்பளை மரக்கறி:

மிக்க நன்றி ஐயா, கப்ளிங்கையே மாற்றிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி. கராஜ்காரரிடம் முன்பணம் கொடுத்து ஒரு மின்விசிறி எடுத்துவைத்தாயிற்று. அதை வீணாக்காமல், பெல்ட் விசிறி அதன் இடத்தில் இருக்க, கண்டென்சருக்கு முன்னால் பூட்டலாமா?


பண்டாரவளை டபுள் கெப்:

பூட்டலாம், ஏசி போடும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் உதவியாகவே இருக்கும். ஒரே விசிறி, அதுவும் எப்போதாவது ஓடுவது என்பதால் உங்கள் அல்டர்நேட்டரும் தாங்கும். ஆனால் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பதற்காகச் செய்த விசிறி அது. முன்னால் வைத்தால் அது தள்ள வேண்டும். வயர்களை மாற்றிக் கொடுத்துத் தலைகீழாகச் சுற்ற வைத்தால் காற்றின் திசை திரும்பும், ஆனால் இதழ்களின் வளைவு எதிர்ப்பக்கமாக இருப்பதால் பலம் வெகுவாகக் குறையும். இதழ்ச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டக்கூடிய மாதிரியா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு, முன்னால் வைப்பதற்கென்றே செய்த மெல்லிய விசிறி ஒன்றை வாங்குங்கள். அதன் ரிலேயை ஏசி கம்பிரசர் கிளட்ச் வயரிலிருந்து இயக்குங்கள். கண்டென்சரின் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் நாடாவைச் செருகிக் கட்டுவதை மட்டும் அனுமதிக்க வேண்டாம். அதிர்வில் அந்த நாடா குழாயை அராவி காஸ் போய்விடும். ரேடியேட்டர் சட்டத்திலிருந்து மேலும் கீழும் இரண்டு இரும்புப் பட்டைகள் கொடுத்து, அவற்றில் விசிறியைப் பூட்டச் சொல்லுங்கள்.